"கொப்பியெல்லாம் சரியாத்தானே டீச்சர் இருந்திச்சு?"



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகாவது வாசியுங்கள்.

மேலே தலைப்பில் இருப்பது ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி. கேட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை, யாரும் தேடவும் வேண்டாம்.

அந்த ராத்தா அப்போது சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். மகள் எங்கள் பாடசாலையில் தரம் 8, என் வகுப்பு. பிள்ளை உம்மம்மாவோடு இருந்தாள். உம்மம்மா குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத வாசிக்கத் தெரியாது.

நான் கற்பிப்பது விஞ்ஞானம். ஆனால் வகுப்பாசிரியை என்பதால் எல்லாப் பாடத்துச் சந்தேகமும் என் போனுக்குத்தான் வரும். அந்தப் பிள்ளையின் வீட்டுவேலை எப்படி நடந்தது தெரியுமா? பிள்ளை கேள்வியைப் போட்டோ எடுத்து உம்மாவுக்கு அனுப்புவாள். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே மாலை 6.30. ராத்தா குசினி வேலைக்கு நடுவில் அதை எனக்கு அனுப்புவார். நான் விடையை ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். அவர் பிள்ளைக்கு அனுப்புவார். பிள்ளையின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. கேள்வி சவூதி போய் என்னிடம் வரும். விடை மறுபடியும் சவூதி போய் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இறங்கும்.

நான் நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன். அந்நிய நாட்டில் இருந்துகொண்டு மகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரு தாய்க்கு "பொறுங்க, நாளைக்குப் பாப்பம்" என்று சொல்ல மனம் வரவில்லை.

தவணைப் பரீட்சை வந்தது. பிள்ளைக்குக் கணிதத்தில் 31. என் பாடத்தில் 34.

ராத்தா கோல் எடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், குறையா நினைக்காதீங்க. கொப்பியெல்லாம் சரியாத்தானே டீச்சர் இருந்திச்சு?"

சரியாகத்தான் இருந்தது. நானே எழுதி, நானே சரி போட்டு, நானே "மிக நன்று" என்று நட்சத்திரமும் கீறியிருந்தேன். 34 புள்ளி பிள்ளையுடையது. கொப்பியில் இருந்த நட்சத்திரமெல்லாம் என்னுடையது.

அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட ஒரு விடயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பிள்ளை ஒரு கேள்வியோடு வந்தால் விடையைச் சொல்லாதீர்கள். எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. பேனையை அவளிடமிருந்து வாங்காதீர்கள். பதிலுக்கு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்.

"அப்ப வீட்டுவேலை பிழைச்சுப் போகுமே?" என்பீர்கள். போகட்டும். வீட்டுவேலை கொடுப்பதே எது பிழைக்கிறது என்று பார்க்கத்தான். இரத்தப் பரிசோதனைக்குப் போய், "என்ட இரத்தத்தில சீனி கூடவாம், அடுத்த வீட்டு மச்சான்ட இரத்தத்தக் கொடுப்பம்" என்று யாரும் சொல்வோமா? ரிப்போர்ட் நல்லாத்தான் வரும். வருத்தம் அப்படியே இருக்கும். பிள்ளை பிழையாகச் செய்த ஒரு கணக்கு எனக்கு ஒரு ரிப்போர்ட். அதைப் பார்த்தால் எந்த இடத்தில் தடக்குகிறாள் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். யாரோ செய்து கொடுத்த சரியான கணக்கில் எனக்கு ஒன்றுமே தெரியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

முன்பும் கொப்பியடித்தோம், இல்லை என்று சொல்லவில்லை. காலை ஆராதனைக்கு முன் பக்கத்து மேசைக் கொப்பியைப் பார்த்து எழுதாதவர் எத்தனை பேர்? ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கினோம். அந்த நேரம் அது தேவை. வேறு வழி இருக்கவில்லை. பாடசாலை திறந்தது, குறூப் மூடப்படவில்லை. உம்மாமார் பிள்ளைகளுக்குப் பதிலாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். டீச்சர்மார் பிள்ளைகளுக்குப் பதிலாக உம்மாமாருக்கு விடை சொல்லப் பழகினோம். நடுவில் பிள்ளை பார்த்து எழுதுகிற ஆளாக மட்டும் மிஞ்சினாள்.

இப்போது அடுத்த கட்டம். கேள்வியைப் போட்டோ எடுத்து ஏஐக்குக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் விடை. பிள்ளைகள் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். மகள்மாரே, மகன்மாரே, டீச்சருக்குத் தெரியும். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் இருப்பது "ஒளித்தொகுப்பு". கொப்பியில் "ஒளிச்சேர்க்கை" என்று இருக்கும். நாங்கள் படிப்பிப்பது "காபனீரொட்சைட்டு", "ஒட்சிசன்", "கலம்". கொப்பியில் "கார்பன் டை ஆக்சைடு", "ஆக்சிஜன்", "செல்". இவை பிழையான சொற்களல்ல, தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொற்கள். ஆனால் என் வகுப்பில் யாரும் சென்னையில் படிக்கவில்லையே! போன கிழமை ஒரு மகன் "கலம்" வருகிற பாடத்துக்கு ஐந்து இடத்தில் "செல்" என்று எழுதியிருந்தான். "செல் என்றால் என்ன மகன்?" என்று கேட்டேன். "போன் டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

சரி, விடை சொல்லாமல் எப்படி உதவுவது? பாடம் பாடமாகச் சொல்கிறேன். எல்லாம் என் வகுப்பில் வந்த பிழைகள்.

கணிதம். 2/3 + 1/4 எவ்வளவு? பிள்ளை 3/7 என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதைக் கூட்டி மேலே, கீழே உள்ளதைக் கூட்டிக் கீழே. "பிழை, 11/12" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் அவள் அதைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கணக்கிலும் அதே பிழையை விட்டிருப்பாள். இந்த முறை கேட்டேன்: "நீங்க செஞ்ச மாதிரியே பாதியையும் பாதியையும் கூட்டுங்க பாப்பம்." 1/2 + 1/2. மேலே 2, கீழே 4. 2/4. "அது எவ்வளவு?" "பாதி டீச்சர்." "பாதி ரொட்டியும் இன்னொரு பாதி ரொட்டியும் சேர்ந்தா பாதி ரொட்டியா மகள்?" கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இல்ல டீச்சர், ஒரு முழு ரொட்டி. அப்ப நான் செஞ்ச வழி பிழை" என்றாள். அதைக் கண்டுபிடித்தது அவள். இனிப் பகுதியெண்ணை ஏன் சமப்படுத்த வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தால் காதில் ஏறும். அதற்கு முன் சொல்லியிருந்தால் அது இன்னொரு சூத்திரம், அவ்வளவுதான்.

புவியியல். 1:50,000 அளவுத்திட்டப் படத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையில் 8 சென்ரிமீற்றர். உண்மையான தூரம் என்ன? ஒரு மகன் 400 கிலோமீற்றர் என்று எழுதினான். 8ஐ 50,000ஆல் பெருக்கியது சரி, 400,000 வந்தது. அது சென்ரிமீற்றர் என்பதை மறந்து மூன்று பூச்சியத்தை வெட்டிவிட்டான். இந்தப் பிழையைப் பிடிக்கப் புவியியல் படித்திருக்கத் தேவையில்லை. "மகன், இலங்கையின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரைக்குமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். இந்த ரெண்டு ஊரும் ஒரே படத்தில பக்கத்துப் பக்கத்தில இருக்கே, 400 வருமா?" என்று கேட்டால் போதும். அவனே திரும்பிப் போய் 4 கிலோமீற்றர் என்று கண்டுபிடித்தான். வந்த விடை நடக்கக்கூடியதா என்று பார்ப்பது ஒரு பழக்கம். கடையில் மிச்சக் காசை எண்ணிப் பார்க்கிறோமே, அதே பழக்கம்தான்.

வரலாறு. "பிசோகொட்டுவவின் பயன் யாது?" எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: "குளத்திலிருந்து வெளியேறும் நீரின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தல்." ஒரு புள்ளி கிடைக்கும். "அமுக்கம் என்றால் என்ன?" என்று கேட்டால் முழிப்பார்கள். ஒரு பழைய தண்ணீர்ப் போத்தலை எடுங்கள். மேலே ஒரு துளை, அடியில் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மேல் துளையில் தண்ணீர் சும்மா வழியும். அடித்துளையில் தூரப் பாயும். ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும். ஒரு முழக் குளியல் வாளிக்கே இப்படியென்றால் பொலனறுவையில் 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் கட்டுவித்த பராக்கிரம சமுத்திரம் மாதிரி ஒரு குளத்தின் அடியில் தண்ணீர் எவ்வளவு வேகமாகத் தள்ளும்? கட்டுப்படுத்தாமல் திறந்துவிட்டால் அணைக்கட்டு என்னவாகும்? இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை பேசும்.

எங்கள் ஊரில் இதற்குப் புத்தகமே தேவையில்லை. வயல் செய்கிற வீடுகளில் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் திறக்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாய்க்காலில் விடுகிறார்கள், வட்டவிதானையின் வேலை என்ன? கல்லோயாத் திட்டத்தைப் பற்றிப் புத்தகத்தில் நாலு வரி இருக்கும். அந்தத் தண்ணீரில் நாற்பது போகம் செய்த ஒரு மாமா வீட்டுத் திண்ணையில் இருப்பார். பிள்ளை அவரைத் தாண்டி அறைக்குள் போய் போனில் தேடுகிறது.

தமிழ். "எனது வீட்டுத் தோட்டம்" என்று கட்டுரை கொடுத்தேன். முப்பத்திரண்டு கொப்பியில் பதினெட்டுக் கொப்பி ஒரே வசனத்தில் தொடங்கியது. எல்லார் வீட்டிலும் ரோசா, மல்லிகை, செவ்வந்தி. வண்ணத்துப்பூச்சிகள் வட்டமிடுகின்றன. நான் அந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். மண்ணே இல்லாத வளவு, சீமெந்து போட்டாயிற்று. ஒரு மகளிடம் கேட்டேன்: "உங்கட வீட்டில உண்மையா என்ன இருக்கு?" "ஒரு முருங்கை மட்டும்தான் டீச்சர். அதுவும் மசுக்குட்டி." "அத எழுதுங்க." எழுதினாள். மசுக்குட்டி விழுந்து தம்பிக்கு உடம்பெல்லாம் தடித்தது, வாப்பா மரத்தை வெட்டக் கத்தி எடுத்தது, உம்மா இலைக்கறிக்கு வேணும் என்று மறித்தது. அவள் அதற்கு முன் அப்படி ஒரு பக்கம் எழுதியதே இல்லை. எழுத்துப்பிழை ஒன்பது இருந்தது. அதைத் திருத்தலாம். பதினெட்டுக் கொப்பியில் இருந்த ரோசாத் தோட்டத்தை எப்படித் திருத்துவது?

ஆங்கிலமும் சிங்களமும் என்றால் பெற்றார் உடனே கையைத் தூக்கிவிடுகிறார்கள். "எனக்கு ஒரு சொல்லும் தெரியாதே." தெரியத் தேவையில்லை. சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். என்ன கதை என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விளங்காத சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடு போட்ட பக்கத்தோடு பிள்ளை மறுநாள் டீச்சரிடம் போனால் போதும். எல்லாம் சரியாக எழுதி ஒன்றும் விளங்காமல் வருகிற பிள்ளையைவிட அந்தப் பிள்ளை முன்னுக்கு நிற்கிறாள்.

இனி அந்த உம்மம்மாவின் கதைக்கு வருகிறேன்.

ராத்தாவின் கோலுக்கு அடுத்த கிழமை நான் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். "உம்மம்மா, இனி நான் விடை அனுப்ப மாட்டன். நீங்கதான் உதவி செய்யணும்" என்றேன். சிரித்துவிட்டார். "எனக்கென்ன மகள் தெரியும்? நான் பள்ளிக்கூடம் போனவளா?"

"உங்களுக்குத் தெரியாததுதான் நல்லது" என்றேன். "ஒண்டே ஒண்டு செய்ங்க. கேள்விய உங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. என்ன கேட்டிருக்கு எண்டு உங்களுக்கு விளங்குற மாதிரிச் சொல்லச் சொல்லுங்க. விளங்கல்லண்டா திரும்பக் கேளுங்க. அவ்வளவுதான்."

அன்றைக்கு விஞ்ஞானத்தில் கொடுத்திருந்த கேள்வி: "தயிர் உற்பத்தியில் நுண்ணங்கிகளின் பங்களிப்பை விளக்குக." பிள்ளை வாசித்தாள். உம்மம்மாவுக்கு "நுண்ணங்கி"யும் விளங்கவில்லை, "பங்களிப்பு"ம் விளங்கவில்லை. தயிர் விளங்கியது! எருமைப்பாலில் முட்டித் தயிர் போட்டு விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தவர்.

"தயிருக்கு என்னவாம்?" என்று கேட்டார். பிள்ளை, "பாலில கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா இருந்து அதப் புளிக்க வைக்குமாம்" என்றாள். "பாலில எங்க இருக்கு? நான் பாலக் கொதிக்க வெச்சுத்தானே ஆத்துற. பழைய தயிர் ஒரு கரண்டி போட்டாத்தானே உறையும்?" என்றார் உம்மம்மா. பிள்ளை யோசித்தாள். அப்போ பற்றீரியா அந்த ஒரு கரண்டித் தயிரில்தான் இருக்கிறது! "பால ஏன் ஆத்துற உம்மம்மா? சூட்டோட போட்டா என்ன?" "சூட்டோட போட்டா உறையாது புள்ள. விரல் பொறுக்குற சூடு வேணும். ஆறிக் குளிர்ந்தாலும் உறையாது." பிள்ளை கத்திக்கொண்டு எனக்கு வொய்ஸ் போட்டாள்: "டீச்சர், சூட்டில அது செத்துப் போகும், குளிரில வேல செய்யாது! சரியா டீச்சர்?"

சரிதான். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு மனுஷி அன்றைக்கு எனக்கு நிகரான விஞ்ஞான ஆசிரியை. அவர் ஒரு விடையும் சொல்லவில்லை. தனக்கு விளங்காததைக் கேட்டார், தான் கையால் செய்ததைச் சொன்னார். மிச்சத்தைப் பிள்ளை கோத்துக்கொண்டாள்.

கல்வியியற் கல்லூரியில் நாங்கள் விகொட்ஸ்கியைப் படித்தோம். இன்றைக்குத் துணையோடு செய்யக்கூடியதை நாளைக்குப் பிள்ளை தனியாகச் செய்யும் என்பது அவருடைய கருத்து. பிறகு 1976இல் வூட், புரூனர், ரோஸ் என்ற மூவர் அந்தத் துணையைச் "சாரம்" என்று விளக்கினார்கள். மேசன்மார் கட்டடத்துக்குக் கட்டுகிற அதே சாரம்தான். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கி நல்ல புள்ளியும் எடுத்தேன். ஆனால் விளங்கியது உம்மம்மாவின் குசினியில்தான். சாரம் கட்டுவது சுவர் எழும்ப. சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைக் கழற்ற வேண்டும். நாங்கள் என்ன செய்கிறோம்? சுவரையே கட்டவில்லை. சாரத்துக்குப் பெயின்ற் அடித்து "வீடு வடிவா இருக்கு" என்று படம் எடுத்துப் போடுகிறோம்.

பெற்றாரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரே நாளில் ஐந்து பாடத்துக்கு வீட்டுவேலை கொடுக்கிறோம். ஒருவர் என்ன கொடுத்தார் என்று மற்றவருக்குத் தெரியாது. பிள்ளை 2 மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, டியூசன் போய், மஃரிபுக்குப் பிறகு ஓதப் போய், இரவு 8 மணிக்குப் பிறகு இருபத்தைந்து கேள்விக்கு உட்கார்ந்தால் கொப்பியடிக்காமல் என்ன செய்யும்? நாங்களும் முப்பத்தைந்து கொப்பியை ஒரு பாடவேளைக்குள் பார்க்க வேண்டும் என்பதால் வாசிக்காமலே சரி போடுகிறோம். ஒப்படைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தலைப்பைக் கொண்டுபோய்க் கொமினிகேஷனில் கொடுத்தால் கலர் அட்டையோடு கட்டித் தருகிறார்கள். கொமினிகேஷன் தம்பி எழுதியதற்குப் பிள்ளையின் பெயரில் புள்ளி போடுகிறோம். அந்தத் தம்பி இதுவரை எத்தனை தடவை தரம் 9 சித்தியடைந்திருப்பாரோ தெரியாது.

இருபது கேள்விக்குப் பதிலாக மூன்று கொடுப்போம். மூன்றையும் வாசித்துப் பார்ப்போம். பிழையான விடைக்குப் பக்கத்தில் "எப்படி இது வந்தது?" என்று எழுதிவிடுவோம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சில பெற்றாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "டீச்சர் இப்ப ஒழுங்கா வீட்டுவேல கொடுக்கிறல்ல" என்று கதை வந்தது. வரட்டும்.

பெற்றாருக்கு நான் கேட்பது பெரிய வேலையில்லை. நான்கு கேள்வி. பிள்ளை எந்தப் பாடத்தைக் கொண்டுவந்தாலும் இதே நான்கும்தான்.

1. என்ன கேட்டிருக்கு? எனக்கு வாசிச்சுச் சொல்லு.

2. இதுல உனக்கு ஏற்கனவே தெரிஞ்சது என்ன?

3. புத்தகத்தில இதுக்கு முந்தின ரெண்டு பக்கத்தையும் பாத்தியா?

4. வந்த விடை நடக்கக்கூடியதா? ஏன் அப்படிச் சொல்றாய்?

மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 1980 தொடக்கம் இந்த நாட்டில் பாடப்புத்தகம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வருட முடிவில் சில புத்தகங்கள் என் கைக்குத் திரும்பி வரும்போது திறந்த மடிப்புக்கூட விழாமல் புதுசு மாதிரி இருக்கும். வாப்பா உழைத்த காசில் வாங்கிய டியூசன் டியூட் மட்டும் கிழிந்து போயிருக்கும். பயிற்சிக் கேள்விகளில் அதிகமானவற்றுக்கு வழி அந்த அலகிலேயே இருக்கிறது. காசு கொடுத்துத் தேடுவதற்கு முதல் சும்மா கிடைத்ததைத் திறந்து பார்ப்போம்.

நாலும் கேட்டும் வரவில்லையா? கொப்பியில் "இந்த இடத்துக்குப் பிறகு எனக்கு விளங்கவில்லை" என்று பிள்ளையின் கையால் எழுதி அனுப்புங்கள். அதுவும் செய்து முடித்த வீட்டுவேலைதான். அப்படி வருகிற பிள்ளையை நான் ஏச மாட்டேன். எந்த ஆசிரியரும் ஏசக் கூடாது.

ஏஐயையும் தொடாதே என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் கேட்கப் போவதில்லை. "விடை சொல்லாதே, நான் செய்ததில் எந்த வரி பிழை என்று மட்டும் சொல்" என்று கேட்கப் பழக்குங்கள். வருகிற சொல்லை எங்கள் புத்தகச் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குங்கள். அதுவும் பிழை விடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஊருக்கு ஒரு வேண்டுகோள்.

எங்கள் ஊரில் ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரையும், வந்த பிறகு பல்கலைக்கழகம் கூப்பிடும் வரையும் மாதக் கணக்கில் வீட்டில் இருக்கிற தம்பி, தங்கச்சிமார் எத்தனை பேர்? நூலகத்தில் ஒரு மேசை, பாடசாலையில் ஒரு வகுப்பறை, கிழமைக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகள் வந்து உட்காரட்டும். உம்மா வெளிநாட்டில், வாப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்ற வீட்டுப் பிள்ளைகள் வரட்டும். காசு இல்லை, டியூட் இல்லை. ஒரே ஒரு சட்டம்: உதவி செய்கிறவர் பேனையைத் தொடக் கூடாது. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருக்கிற சகோதரர்கள் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். முதல் இரண்டு மாதமும் நான் வந்து நிற்கத் தயார்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் 10. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. 34 எடுத்தவள் அடுத்த தவணையே 90 எடுத்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த தவணை 41. பிறகு 38க்கு இறங்கியது. போன தவணை 57. கொப்பியில் சிவப்பு மை நிறைய இருக்கிறது. ஆனால் அந்த 57 முழுவதும் அவளுடையது.

ராத்தா ஊருக்கு வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை இரவு மகளிடமிருந்து ஒரு கணக்கின் போட்டோ வந்தது. கூடவே ஒரு வொய்ஸ்: "டீச்சர், விடை அனுப்பாதீங்க. மூணாவது வரி சரியா எண்டு மட்டும் சொல்லுங்க."

மூன்றாவது வரி பிழை. "இன்னொருக்காப் பாருங்க மகள்" என்று மட்டும் அனுப்பினேன்.

காலையில் பாடசாலைக்கு வரும்போது திருத்திக்கொண்டு வந்தாள்.